செல் கடைசியில்தான் சாகிறது: அல்சைமர் மூளைக்குள் நடக்கும் வரிசை

மறதி நோய் வந்த பெரியவரின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஈரோட்டிலோ கோவையிலோ ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் குடும்பங்கள் பொதுவாகக் கேட்பது ஒன்றுதான்: “ஏனுங்க, மூளைச் செல்லு செத்துப்போச்சுங்கறாங்க. எதனாலங்க சாகுது?” பெரும்பாலும் “மூளைல புரதம் படியுதுங்க” என்று ஒரே வரியில் பதில் கிடைக்கும். பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பாதியை மட்டும் நம்பி, படிந்ததைக் கரைத்துவிட்டால் போன ஞாபகம் திரும்பிவிடும் என்று நினைத்து லட்சக்கணக்கில் செலவு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அல்சைமரில் ஒரு நியூரான் சாவது என்பது நீண்ட நோயின் கடைசிக் கட்டம். அதற்கு முன் வருஷக்கணக்கில் அது நோயோடு உயிர் வாழ்கிறது. முதலில் பக்கத்துச் செல்களோடு இருந்த இணைப்புகள் போகும். பிறகு உள்ளே சரக்குப் போக்குவரத்து தடைபடும், சக்தி குறையும். எல்லாம் முடிந்த பிறகுதான் செல் உடைகிறது. எந்த மருந்து எந்தக் கட்டத்தில் வேலை செய்யும், எது செய்யவே செய்யாது என்பது இந்த வரிசை தெரிந்தால்தான் விளங்கும்.

தொடக்கம் அமிலாய்டு. நியூரானின் மேல்சவ்வில் ஏ.பி.பி. என்றொரு புரதம் எல்லோருக்கும் உண்டு. பீட்டா செக்ரிடேஸ், காமா செக்ரிடேஸ் என்ற இரண்டு நொதிகள் அதை அடுத்தடுத்து வெட்டும்போது அமிலாய்டு பீட்டா என்ற சின்னத் துண்டு விழுகிறது. பெரும்பாலான துண்டுகள் 40 அமினோ அமில நீளம், கொஞ்சம் 42. கூடுதலாக இருக்கும் அந்த இரண்டால்தான் வில்லங்கம். 42 நீளத் துண்டுகளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் அதிகம். நல்ல மூளையிலும் இவை நாள் தவறாமல் உண்டாகின்றன, கூடவே அகற்றவும் படுகின்றன. வயதோடு அகற்றும் வேலை மந்தமானால் முதலில் சில துண்டுகள் சேர்ந்த சிறு கூட்டங்களும், பிறகு செல்களுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத அளவில் கட்டிகளும் உருவாகும். ஏ.பி.பி.க்கான மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் மூன்றாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம்காரர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் 40 வயதுக்குள் இந்தக் கட்டிகள் வந்துவிடுகின்றன. நோயைத் தொடங்கி வைப்பதில் அமிலாய்டுக்கு இருக்கும் பங்குக்கு இது வலுவான சாட்சி.

ஆனால் செல்லைக் கொல்வது இந்தக் கட்டிதானா என்று கேட்டால், நேரடியாக இல்லை என்பதுதான் என் முடிவு. முதல் காரணம், இடம் பொருந்தவில்லை. அமிலாய்டு முதலில் படிவது மூளையின் மேல்புறணியில் பரவலாக. செல்கள் முதலில் சாவதோ காதுக்கு உள்பக்கமாக, பொட்டு மடலின் அடியில் இருக்கும் என்டோரைனல் பகுதியிலும், அதை ஒட்டிய ஹிப்போகாம்பஸிலும். இரண்டாவது, காலம் பொருந்தவில்லை. மறதி வெளியில் தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. கட்டிகள் நிறைந்த மூளையோடு, கணக்கு வழக்கு பிசகாமல் 85 வயது வரை வாழ்ந்து போனவர்களும் நிறையப் பேர்.

கட்டியை விட மோசமானவை அதற்கு முந்தைய நிலையில் மிதக்கும் சிறு கூட்டங்கள். இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸ்களில் இவை போய் ஒட்டுகின்றன. செய்தி கடத்தும் குளுட்டமேட் அங்கே தேங்குகிறது, அதனால் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல் செல்லுக்குள் கசிகிறது. செய்தி வாங்கும் குருத்துகள் சுருங்கி மறைகின்றன. பலவீனமான சினாப்ஸ்களின் மேல் சி1க்யூ என்ற நோயெதிர்ப்புப் புரதம் ஒட்ட, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா அவற்றை விழுங்கிவிடுகின்றன. நோயாளியின் மறதி எந்த அளவு என்பதோடு அதிகம் ஒத்துப்போவது எது என்று 1991-இல் அமெரிக்காவில் ராபர்ட் டெர்ரியின் குழு பார்த்தபோது, கட்டிகளின் எண்ணிக்கையை விட சினாப்ஸ்களின் இழப்புதான் நெருக்கமாகப் பொருந்தியது.

நியூரானின் நுனி ஏன் முதலில் போகிறது என்பதற்கு அதன் உடலமைப்பே காரணம். புரதங்கள் பெரும்பாலும் தயாராவது செல்லின் நடு உடலில். சினாப்ஸ் இருப்பதோ நீண்ட இழையின் கோடியில். சரக்கும், சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இழைக்குள் ஓடும் நுண்குழாய்கள் வழியாகத்தான் அங்கே போக வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைக் காடுதானே. மேலே மதகுப் பக்கம் பச்சையாக இருக்கும்போதே கீழே பயிர் வாடிக்கிடக்கும். நியூரானிலும் அப்படித்தான், உடல் உயிரோடு இருக்கும், நுனி செத்திருக்கும்.

அந்த நுண்குழாய்களை நிலையாக வைத்திருப்பது டௌ என்ற புரதம். சாதாரணமாக ஒவ்வொரு டௌ மூலக்கூறிலும் இரண்டு மூன்று பாஸ்பேட் ஒட்டியிருக்கும். அல்சைமர் மூளையில் இது மூன்று, நான்கு மடங்கு ஆகிறது. பாஸ்பேட் ஏறிய டௌ குழாயை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று பின்னி, முறுக்கிய இழைகளாகி செல்லின் உடலை அடைத்துக்கொள்கிறது. இதைத்தான் நார்ச்சிக்கல் என்கிறோம். வழியும் போச்சு, இடமும் அடைபட்டது. அதோடு நிற்காமல், கெட்டுப்போன டௌ சினாப்ஸைத் தாண்டி அடுத்த நியூரானுக்குள் போய், அங்கிருக்கும் நல்ல டௌவையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது. ஜெர்மனியின் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் இருவரும் 1991-இல் இந்தப் பரவலை ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். என்டோரைனலில் தொடங்கி, ஹிப்போகாம்பஸ் போய், பிறகு மேல்புறணி. நோயாளியின் அறிகுறிகளும் அதே பாதையில்தான் ஏறுகின்றன. அதனால்தான் அமிலாய்டு கொளுத்திப்போட்டாலும் செல்லைச் சாகடிக்கும் வேலையில் முன்னால் நிற்பது டௌ என்று சொல்கிறேன்.

என்டோரைனல் பகுதியின் இரண்டாவது அடுக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வெளியிலிருந்து வரும் செய்திகளை ஹிப்போகாம்பஸுக்கு அனுப்பும் செல்கள் இங்கேதான் இருக்கின்றன. மிக லேசான மறதி மட்டும் இருந்து இறந்தவர்களின் மூளையில், 1996-இல் வெளியான ஒரு ஆய்வில், இந்த அடுக்கின் செல்களில் சுமார் 60 சதவீதம் ஏற்கனவே போயிருந்தன. முற்றிய நிலையில் சுமார் 90 சதவீதம். குடும்பம் “இப்பத்தானுங்க ரண்டு மாசமா மறக்குது” என்று சொல்லும் நேரத்தில் உள்ளே நிலைமை இதுதான்.

கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் ஒரு அம்முச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்துபோன ஒரம்பரை யாரென்று பொழுதோட கேட்டால் தெரியாது. சாப்பிட்டதும் தெரியாது, “இன்னும் சோறு போடலியே கண்ணு” என்பார். ஆனால் தன் கல்யாணத்தில் அருமைக்காரர் என்னென்ன சீர் செய்தார், யார் யார் மொய் வைத்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். கும்மிப் பாட்டை அடி தவறாமல் பாடுவார். அம்முச்சி வேண்டுமென்றே நடிக்கிறார் என்று மருமகள்கள் நினைப்பது இங்கேதான். புதியதைப் பதிய வைக்கும் என்டோரைனலும் ஹிப்போகாம்பஸும் அழிந்திருக்கின்றன. பல வருஷம் முன்பு மேல்புறணியில் ஊன்றிய ஞாபகங்களை டௌ இன்னும் அதிகம் தொடவில்லை. நாலு தரம் கேட்ட கேள்வியை ஐந்தாம் தரம் கேட்கும்போது, அவருக்கு அது முதல் தரம். கோபித்துப் பயனில்லை. “இப்பத்தான சொன்னேன்” என்று சொல்வதால் அவருக்கு எஞ்சுவது மனவருத்தம் மட்டும், செய்தி நிற்பதில்லை.

இனி சாவு. நார்ச்சிக்கல் வந்த உடனே செல் செத்துவிடுவதில்லை. ஹிப்போகாம்பஸ் செல்கள் சிக்கலோடு 20 வருஷம் வரைகூட உயிரோடு இருக்க முடியும் என்று ஒரு கணக்கீடு உண்டு. அப்படியானால் எப்படித்தான் முடிகிறது? அபோப்டோசிஸ் என்ற திட்டமிட்ட தற்கொலையில் செல் சத்தமில்லாமல் சுருங்கி, துண்டுகளாகி, சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். அல்சைமர் மூளையில் அதற்கான தடயங்கள் கொஞ்சம் உண்டு. ஆனால் இப்போது கவனம் அதிகம் போவது நெக்ரோப்டோசிஸ் மேல். ஆர்.ஐ.பி.கே.1, ஆர்.ஐ.பி.கே.3 என்ற இரண்டு நொதிகள் கைகோத்து, எம்.எல்.கே.எல். என்ற புரதத்தைத் தூண்டுகின்றன. அது செல்சவ்வில் போய் ஓட்டை போடுகிறது. செல் வீங்கி உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டும். கொட்டியதைப் பார்த்து மைக்ரோகிளியா கிளர்ந்தெழ, அழற்சி பக்கத்துச் செல்களுக்கும் பாய்கிறது.

இதற்கு நல்ல சாட்சி 2023-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பார்ட் டி ஸ்ட்ரூப்பரின் குழு செய்த சோதனை. அமிலாய்டு படியும் எலிகளின் மூளையில் மனித நியூரான்களைப் பதியம் போட்டார்கள். மனித நியூரான்களில் நார்ச்சிக்கல் வந்து அவை செத்தன. அதே அமிலாய்டுக்கு நடுவே இருந்த எலியின் சொந்த நியூரான்களுக்கு அந்தக் கதி வரவில்லை. செத்த மனிதச் செல்களில் எம்.இ.ஜி.3 என்ற ஆர்.என்.ஏ. எகிறியிருந்தது, நெக்ரோப்டோசிஸ் கிளம்பியிருந்தது. அந்த ஆர்.என்.ஏ.யைக் குறைத்தாலோ நெக்ரோப்டோசிஸைத் தடுத்தாலோ செல்கள் பிழைத்தன. எலியில் குணமான எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் பொய்த்துப் போனதற்கான ஒரு காரணமும் இதில் இருக்கிறது: எலியின் நியூரான் நம்முடையதைப் போலச் சாவதில்லை.

செல் போன பிறகு ஒரு தடயம் மிச்சமிருக்கும். சவ்வு இல்லை, கரு இல்லை, ஆனால் டௌவின் முறுக்குநார் மட்டும் செல்லின் உருவத்திலேயே நிற்கும். பிராங்பர்ட் மருத்துவமனையில் 1901-இல் 51 வயதில் சேர்ந்த அகஸ்ட் டீட்டர் என்ற பெண் 1906-இல் இறந்த பின், அவர் மூளையை வெள்ளிச்சாயம் ஏற்றிப் பார்த்த அலாய்ஸ் அல்சைமர், நியூரான் இருந்த இடத்தைக் காட்ட ஒரு நார்க்கட்டு மட்டுமே மிஞ்சியிருப்பதைக் குறித்து வைத்தார். அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று ட்யூபிங்கனில் அதைப் பற்றிப் பேசினார்.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருக்கலாம் என்பது, முதியோரிடம் நடத்திய லாசி-டாட் என்ற ஆய்வின் கணக்கு. டிமென்ஷியாவுக்கு முதன்மையான காரணம் அல்சைமர், ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. செல் சாகாமலே மறதி தரும் காரணங்களை முதலில் கழித்துவிட வேண்டும். பி12, தைராய்டு இரண்டும் ரத்தத்தில் பார்ப்பது கட்டாயம். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். குளியலறையிலோ வரப்பிலோ வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மறதி வந்தால் மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். கால் தரையில் ஒட்டினாற்போல் நடை, கட்டுப்படாத சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்தால் மூளைநீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஹிப்போகாம்பஸுக்குக் குறுக்கே கரோனல் வெட்டுப் படங்கள் வேண்டும் என்று கேளுங்கள். அதன் சுருக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடுவார்கள். 75 வயதுக்குள் இருப்பவருக்கு 2 வந்தாலே அசாதாரணம், அதற்கு மேல் வயதானவருக்கு 3. பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கு எழுதுவதும் வரைவதுமான சோதனைகள் நியாயமாக அமையாது. கூடவே இருப்பவர் சொல்லும் விவரம்தான் அங்கே பெரிய ஆதாரம்: பால் கணக்கு பிசகுகிறதா, பாதை தெரிந்த சந்தையில் வழி தடுமாறுகிறாரா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா.

மருந்துக்கு வருவோம். மூளையின் அடிப்பகுதியில் அசிட்டைல்கோலின் தயாரிக்கும் செல்கூட்டம் ஒன்று சீக்கிரமே நலிகிறது. டோனெபெசில் அந்த அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுத்து, மிச்சமிருக்கும் செல்களின் செய்தியைக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க வைக்கிறது. சாகும் செல்லை அது காப்பாற்றாது. தினம் இரவு 5 மில்லிகிராமில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்து 10 ஆக்குவது வழக்கம். கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாம். பூச்சிமருந்து அடித்துப் பழகிய விவசாயிகளுக்கு ஒன்று சொன்னால் சட்டென்று பிடிபடும்: ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் முடக்குவதும் இதே நொதியைத்தான், ஆனால் முரட்டுத்தனமாக. டோனெபெசிலின் தடுப்பு மென்மையானது, மாத்திரையை நிறுத்தினால் விலகிவிடும். பக்கவிளைவுகளின் சாயல் மட்டும் ஒன்று: வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடி மந்தம். ஆகவே தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. வேண்டும். அட்டெனலால், மெட்டோபுரொலால் போன்ற, நாடியைக் குறைக்கும் பிரஷர் மாத்திரைகள் ஏற்கனவே ஓடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நாடி 50-க்குக் கீழே போனாலோ மயக்கம் வந்தாலோ அடுத்த மாத்திரைக்கு முன் போன் செய்யுங்கள்.

அடிக்கடி நடக்கும் குளறுபடி ஒன்று. டோனெபெசிலால் சிறுநீர் அவசரம் வரும். அதை மூப்பென்று நினைத்து வேறொரு டாக்டர் ஆக்சிபியூட்டினின் எழுதுவார். அது அசிட்டைல்கோலினை எதிர்க்கும் மருந்து. ஒன்று ஏற்றியதை இன்னொன்று இறக்கும், மறதி கூடும், “நோய் முத்திருச்சு” என்று குடும்பம் கலங்கும். தூக்கத்துக்கு எழுதும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு எழுதும் ட்ரைஹெக்சிபெனிடில், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் எல்லாம் இதே ரகம். மெமன்டின் வேறு வழியில் வேலை செய்கிறது, மேலே சொன்ன கால்சியக் கசிவின் வாசலை ஓரளவு அடைக்கிறது. நோய் நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 5 ஆக ஏற்றி 20 வரை. சிறுநீரகம் ரொம்பவும் கெட்டவர்களுக்குப் பாதி அளவு.

அமிலாய்டை அகற்றும் ஊசிகளில் லெக்கனிமாப் அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி பெற்றது. எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளம் வழியாக. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம் கிடைத்தது. நோய் நின்றுவிடவில்லை, இறங்கும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. ஊசி போட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது. ஏ.பி.ஓ.இ.4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். லேசான நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே பேசத்தக்க மருந்து இது. என்டோரைனலின் செல்கள் போன பிறகு அமிலாய்டை வழித்தெடுத்து என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன வரிசையே சொல்லிவிடும். ஸ்டெம் செல் போட்டு மூளைச் செல்லை முளைக்க வைப்பதாகச் சொல்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அல்சைமருக்கு அங்கீகாரம் பெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் கிடையாது.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் ஈரோட்டுக்காரர்களிடம் தப்ப முடியாது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் நம்முடையது. குர்க்குமின் அமிலாய்டு கட்டியில் ஒட்டி ஒளிர்வது உண்மை, சோதனைக்கூடத்தில் கட்டியைச் சிதைப்பதும் உண்மை. ஆனால் மஞ்சளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடலில் மிகக் குறைவாகவே ஏறும். தினம் 4 கிராம் வரை குர்க்குமினையே 24 வாரம் கொடுத்துப் பார்த்த சோதனையில் நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை. ரசத்தில் போடுங்கள், பாலில் போடுங்கள். உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச் சாரம் சேர்த்த மாத்திரைகளை மட்டும் தவிருங்கள், அவற்றால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

செல்களைக் காப்பதில் இந்த ஊர் கவனிக்காமல் விடுவது காது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். முப்பது வருஷம் தறியில் நின்றவருக்குக் காது மந்தமாவதை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் குறைவும் கெட்ட கொழுப்பும் முன்னணியில் இருக்கின்றன. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதே பட்டியலில் உண்டு. தறியில் காதடைப்பான், 50 வயதில் ஒரு செவிச் சோதனை, தேவைப்பட்டால் தாமதிக்காமல் காது மெஷின்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அல்சைமர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இறங்கும். நேற்று வரை ஓரளவு பேசிக்கொண்டிருந்த அப்பாரு இன்றைக்கு ராத்திரி ஆளைத் தெரியாமல் கத்துகிறார், அல்லது பகலெல்லாம் சோர்ந்து தூங்குகிறார் என்றால், ஒரே நாளில் அத்தனை செல் சாகவில்லை. சிறுநீரில் கிருமி, நெஞ்சுச்சளி, சோடியம் இறங்கியது (பிரஷருக்கு நீர்மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது சகஜம்), நாலு நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை, இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அன்றைக்கே சிறுநீர், சோடியம், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள்.